கேலாங்கும் இவ்ரேயாவும்

கேலாங் சாலையில் காலாங் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நடப்பவர்க்கு இடப்புறம் ஒற்றைப்படை எண் கொண்ட லோரோங்குகளும் வலப்புறம் இரட்டைப்படை எண் கொண்ட லோரோங்குகளும் வரிசையாகத் தோன்றும். லோரோங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சந்து என்பது பொருள். இச்சந்துகளுக்குத் தலைவர் பெயரோ மலரின் பெயரோ சூட்டப்படவில்லை. எண் ஒன்றே பெயராய் நிற்கிறது. அதனால் ஊருக்குப் புதியவரும் வழி தவறுவது அரிது. இரட்டைப்படைச் சந்துகள் பலவற்றுள் கேலாங் சாலையிலிருந்தும் நுழையலாம். தெற்கே கில்மார்ட் சாலையிலிருந்தும் நுழையலாம். எவ்வழியே வந்தாலும் சேரும் கதவு ஒன்றே. ஒரு பொறிக்குள் கட்டளையை ஏற்றி வைப்பதும் இத்தகையதே. ஒவ்வொரு கட்டளைக்கும் எண்ணிட்ட ஓர் இடம் உண்டு. அவ்விடத்தை அடைவதற்கு அரசபாட்டை ஒன்றும் மாற்றுப் பாதைகள் பலவும் இருக்கலாம். அம்மாற்றுப் பாதைகள் எவ்வாறு திறந்தன என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கேலாங் என்னும் பெயர், ஆலை என்று பொருள்படும் 'கிலாங்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்று கூறுவாருளர். தென்னந்தோப்புகளும் செக்காலைகளும் இருந்த வட்டாரம் இது. சேராய் என்பது எலுமிச்சைப்புல்; அப்புல் விளைந்த இடமே கேலாங் சேராய் ஆயிற்று. பெயர்க் காரணம் பற்றி வேறு கருத்துகளும் உண்டு. எனினும், இவ்வட்டாரத்தை அடுத்த காலாங் வடிநிலத்தின் சதுப்பு 1960களில் தூர்க்கப்பட்டுத் தொழிற்பேட்டை எழுந்தபோது, ஆலை என்னும் பொருள் புதிய முறையில் பொருந்தி வந்தது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் 1968இல் சிங்கப்பூரைப் பார்வையிட்டனர். தொழிற்சாலை அமைப்பதென முடிவெடுத்த 50 நாள்களுக்குள் உற்பத்தி தொடங்கிற்று என்று திரு. லீ குவான் இயூ தம் நினைவு நூலில் பெருமிதத்தோடு குறிப்பிட்டுள்ளார். அந்நிறுவனத்தின் ஆலை காலாங் வடிநிலத்தையொட்டிய பெண்டமியர் சாலையில் நெடுங்காலம் இயங்கியது. அதே காலத்தில், 1969இல், எஸ்.ஜி.எஸ். என்னும் இத்தாலிய நிறுவனம் தோ பாயோவில் ஆலை நிறுவியது. நுண்ணோக்கியின் வழியே குனிந்து பார்த்து, மயிரிழையினும் மெல்லிய கம்பியைச் சில்லோடு பிணைக்கும் வேலையில் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்தனர். சில்லுக்கு உடல் தந்தவர் அவர். உள்ளே எழுதப்பட்டிருந்த கட்டளையோ கடல் கடந்த நாடுகளில் எழுதப்பட்டது. எழுதியவரும் பிணைத்தவரும் ஒருவரையொருவர் அறியார். தொழில் வரலாறுகள் ஏற்றுமதித் தொகையை எழுதிய அளவுக்கு அப்பெண்களின் கண்களைப் பற்றி எழுதவில்லை.

நுண்கட்டுப்படுத்தி என்பது கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் கால்கள் ஆகிய அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கிய சிறு கணினியாகும். துணி துவைக்கும் பொறியிலும், மின்தூக்கியிலும், போக்குவரத்து விளக்கிலும் அது ஒளிந்திருந்து பணி செய்கிறது. இவ்வினத்தின் முன்னோடியான டி.எம்.எஸ். 1000 என்னும் சில்லை உருவாக்கியோர், முன்னர்க் கூறிய டெக்சாஸ் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி பூன், மைக்கேல் காக்ரன் ஆகிய இருவராவர். 1974இல் அது பிறருக்கும் விற்பனைக்கு வந்தது. அதன் உடன்பிறப்பான சில்லொன்றுதான் 1978இல் அமெரிக்கச் சிறுவர்க்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் கற்பித்த 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்னும் பேசும் விளையாட்டுப் பொருளை இயக்கிற்று. ஆசிரியர்தொழிலில் பொறி தலையிட்ட தொடக்க நிகழ்ச்சிகளுள் இதனையும் சேர்க்கலாம்.

அச்சில்லில் நிரலை 'ஏற்றுதல்' என்ற பேச்சே இல்லை. சில்லை வார்க்கும்போதே அச்சுத்தகட்டின் வழியாகக் கட்டளையும் பொறிக்கப்பட்டுவிடும். கல்வெட்டைப் போன்றது அது. ஓர் எழுத்துப் பிழையானாலும் திருத்த இயலாது; வார்த்த தொகுதி முழுவதும் வீணாகும். ஆகவே ஆயிரக்கணக்கில் வாங்கவல்ல பெருநிறுவனமே நிரல் எழுத முடிந்தது. பள்ளி மாணவனுக்கு அங்கே இடமில்லை.

கல்வெட்டு ஓலைச்சுவடியாக மாறிய கட்டம் அடுத்து வந்தது. 1971இல் இண்டெல் நிறுவனத்தின் டவ் ஃபுரோமன் புற ஊதாக் கதிரால் அழித்து மீண்டும் எழுதத்தக்க நினைவகத்தை உருவாக்கினார். 1976இல் அறிமுகமான இண்டெலின் 8048 குடும்பத்தில் அத்தகைய நினைவகம் கொண்ட சில்லும் இருந்தது. அதன் முதுகில் கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் சாளரம் ஒன்று இருக்கும். பழைய நிரலை அழிக்க வேண்டுமெனில் சில்லைக் கழற்றிக் கதிர்விளக்கின் கீழ் ஏறத்தாழ 20 நிமிடம் வைக்க வேண்டும். பின்னர்த் தனியான எழுதுகருவியில் பொருத்திப் புதிய நிரலை எழுத வேண்டும். மீண்டும் பலகையில் செருக வேண்டும். பிழை ஒன்று தென்பட்டால் மீண்டும் விளக்கு, மீண்டும் காத்திருப்பு. 1980இல் வெளிவந்த 8051 குடும்பத்தாரும் இதே முறையில்தான் பழகினர்.

இக்காலத்தில் பிறந்த ஒரு சிறு வழக்கத்தை இங்கே சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும். மாற்றுப் பாதைகள் அனைத்திற்கும் அதுவே அடித்தளம். நிரலை எழுதுகருவிக்கு அனுப்ப இண்டெல் நிறுவனம் ஓர் எழுத்துமுறையை வகுத்தது. இண்டெல் ஹெக்ஸ் என்பது அதன் பெயர். துளையிட்ட காகித நாடாக் காலத்தில் தோன்றிய அம்முறையில் ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியோடு தொடங்கும். அவ்வரியில் எத்தனை பைட்டுகள் உள்ளன என்ற எண்ணிக்கை முதலில் வரும், அவை நினைவகத்தின் எந்த எண்ணிட்ட இடத்தில் தொடங்கி அமர வேண்டும் என்பது அடுத்து, வரியின் வகை அதன்பின், பிறகு செய்தி, இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண். வரியிலுள்ள பைட்டுகளையெல்லாம் கூட்டி 256ஆல் வகுத்தால் மீதி சுழியாக வரும்படி அவ்விறுதி எண் அமைக்கப்பட்டிருக்கும். மீதி வந்தால் வழியில் ஏதோ சிதைந்தது என்று பொருள். கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று பாராட்டுதல் தமிழ் மரபு. சில்லோ எழுத்தெண்ணியே படிக்கிறது. இம்முறை மறைபொருளாக வைக்கப்படவில்லை. பிறரும் அதனைக் கைக்கொண்டனர். எந்த நிரலாக்கச் சூழலில் எழுதினாலும் கடைசியில் இவ்வரிகளாக வெளிவந்தால் போதும், எந்த எழுதுகருவியும் ஏற்றுக்கொள்ளும் என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

மின்னாலேயே அழித்து எழுதும் நினைவகங்கள் 1990களில் மலிவாயின. மைக்ரோசிப் நிறுவனத்தின் பிக் 16சி84 என்னும் சில்லும், 8051 வழியில் வந்த அட்மெல் நிறுவனத்தின் சில்லும் 1993இல் வெளிவந்தன. கதிர்விளக்குக்கு வேலை இல்லாமற்போயிற்று. நார்வே நாட்டின் டிரோன்ஹைம் நகரில் அல்ஃப்-எகில் போகன், வேகார்ட் வோலன் என்னும் மாணவர் இருவர் வரைந்த ஏ.வி.ஆர். என்னும் வடிவமைப்பை அட்மெல் ஏற்று அப்பத்தாண்டின் பிற்பகுதியில் விற்கலாயிற்று. பலகையிலிருந்து கழற்றாமலே அச்சில்லில் எழுதலாம். ஆர்வலர்கள் அதற்கெனக் கட்டற்ற மொழிமாற்றியான ஜி.சி.சி.யைப் பொருத்தினர். பிரையன் டீன் என்பார் ஏ.வி.ஆர்.டியூட் என்னும் ஏற்றுகருவியை எழுதிப் பொதுவில் வைத்தார். நிறுவனம் தந்த சூழல் ஒருபுறமிருக்க, காசு கொடாமல் செல்லத்தக்க மற்றொரு பாதை திறந்தது.

ஆயினும் அப்பாதை கரடுமுரடானது. அதனைச் செப்பனிட்ட ஊர் இத்தாலியின் இவ்ரேயா. 1908இல் கமில்லோ ஒலிவெட்டி தட்டச்சுப்பொறி ஆலையை நிறுவிய ஊர் அது. தட்டச்சுப்பொறி என்றதும், யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்து தமிழ்த் தட்டச்சுப்பொறியைப் படைத்த ஆர். முத்தையாவின் நினைவு தமிழாசிரியர்க்கு வருதல் இயல்பு. கமில்லோவின் மகன் அட்ரியானோ ஒலிவெட்டி தட்டச்சோடு நிற்கவில்லை. 1957இல் டெலெட்ரா நிறுவனத்தோடு கூடி அவர் தொடங்கிய குறைகடத்தி நிறுவனமே எஸ்.ஜி.எஸ். ஆகும். ஆம், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் தோ பாயோவுக்கு வந்த அதே நிறுவனந்தான். 1984இல் ஆங் மோ கியோவில் அது திறந்த ஆலை சிங்கப்பூரின் முதல் சிலிக்கன் வில்லை ஆலையாயிற்று. பிறகு பிரெஞ்சு நிறுவனமொன்றோடு இணைந்து இன்று எஸ்.டி.மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் என வழங்குகிறது. உலகின் பள்ளிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பரவிய எஸ்.டி.எம். 32 என்னும் நுண்கட்டுப்படுத்திக் குடும்பம் 2007இல் அதனிடமிருந்தே வெளிவந்தது.

ஒலிவெட்டியின் ஊரில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைப்புப் பயிற்சிக் கழகம் ஒன்று நடைபெற்றது. அங்கே பயின்றோர் பொறியாளர் அல்லர். ஓவியரும் வடிவமைப்பாளரும் ஆவர். அவர்களுக்குக் கற்பித்த மாசிமோ பன்சி, 1992இல் வெளிவந்த பேசிக் ஸ்டாம்ப் என்னும் பலகையைப் பயன்படுத்தினார். மாணவர் கைக்கு அது விலைமிக்கது. எர்னாண்டோ பர்ரகான் என்னும் கொலம்பிய மாணவர் 2003இல் தம் முதுநிலை ஆய்வாக வயரிங் என்னும் பலகையையும் அதற்கான எளிய நிரலாக்கச் சூழலையும் உருவாக்கினார். பன்சியும், பிராசஸிங் என்னும் நிரலாக்க மொழியைப் படைத்தவருள் ஒருவரான கேசி ரீசும் அவருடைய ஆய்வு வழிகாட்டிகள். 'ஏற்று' என்னும் ஒரு பொத்தானை அழுத்தினால் மொழிமாற்றமும் ஏற்றமும் ஒருசேர நிகழும் எளிமை அச்சூழலில் அமைந்தது. உள்ளே உழைத்தது முன்னர்க் கூறிய கட்டற்ற கருவிகளே.

2005இல் பன்சி, டேவிட் குவார்த்தியெல்லெஸ், டாம் இகோ, ஜான்லூக்கா மார்ட்டினோ, டேவிட் மெல்லிஸ் ஆகியோர் வயரிங்கின் மூலநிரலை எடுத்து, விலை குறைந்த ஏ.டி.மெகா 8 சில்லுக்கு ஏற்ப மாற்றி அர்டுயினோ எனப் பெயரிட்டனர். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியை ஆண்ட அர்டுயின் மன்னன் பெயரால் அவ்வூரில் விளங்கிய மதுக்கடையிலிருந்து வந்த பெயர் அது. அக்குழுவில் பர்ரகான் சேர்க்கப்படவில்லை. திறந்த உரிமத்தின்படி மூலநிரலை எடுத்துக்கொள்ளுதல் குற்றமன்று. ஆனால் புகழ் பரவப் பரவ மூலவரின் பெயர் மங்கிற்று. 2016இல்தான் பர்ரகான் தம் பக்கத்து வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். உரையாசிரியர் புகழ்பெற்று மூலநூலாசிரியர் மறக்கப்படுதல் இலக்கிய உலகிலும் உண்டு. மாணவருக்கு அர்டுயினோவைக் கற்பிக்கும் ஆசிரியர் பர்ரகான் பெயரையும் கரும்பலகையில் எழுதுதல் முறையாகும்.

அர்டுயினோ பலகையில் ஏற்றம் நிகழும் முறை வருமாறு. சில்லின் நினைவகத்தில் வாயிற்காவலன் போன்ற சிறு நிரல் ஒன்று முன்பே குடியிருக்கும். பூட்லோடர் என்பது அதன் பெயர். 2010இல் வந்த ஊனோ பலகையில் மொத்த இடம் 32,768 பைட். அதன் கடைக்கோடியில் 512 பைட் காவலனுக்கு. எஞ்சிய 32,256 பைட் பயனருக்கு. பலகை புதிதாக விழித்தெழும்போது காவலன் முதலில் எழுந்து ஏறத்தாழ ஒரு நொடி காத்திருப்பான். அதற்குள் கணினி முறைப்படி அழைத்தால் மறுமொழி தந்து, வரும் நிரலைப் பக்கம் பக்கமாக அதனதன் எண்ணிட்ட இடத்தில் வைப்பான். அழைப்பு வாராவிடில் பழைய நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்து ஒதுங்குவான். தொடக்ககாலப் பலகைகளில் அந்நொடியைப் பிடிக்க ஒருவர் கையால் பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. 2007இல் வந்த பலகையில் கணினியே அவ்வேலையைச் செய்யும்படி ஆயிற்று.

மாற்றுச் சூழலிலிருந்து ஏற்ற விரும்புவோர் இடறும் இடங்களும் இங்கேதான் உள்ளன. அட்மெல் தந்த சூழலிலோ, 2014இல் இவான் கிராவெட்ஸ் தொடங்கிய பிளாட்ஃபார்ம்ஐஓவிலோ, வெறும் கட்டளை வரியிலோ நிரல் எழுதலாம், தடையில்லை. ஆனால் காவலனின் பேச்சுவேகத்தை அறிந்து பேச வேண்டும். ஊனோவின் காவலன் நொடிக்கு 1,15,200 என்னும் வேகத்தில் பேசுவான். அவனுக்கு முந்தைய பலகைகள் சிலவற்றில் வேகம் 57,600. மிகப் பழையவற்றில் 19,200. வேகம் பொருந்தாவிடில் இருவரும் பேசுவர், ஒருவர் சொல் மற்றவர் காதில் விழாது. அதிகாரபூர்வச் சூழல் பலகையின் பெயரைத் தேர்ந்தவுடன் இவற்றையெல்லாம் சொல்லாமலே செய்துவிடுகிறது. அதனால் பழகியவர் அவை இருப்பதையே அறியார். மற்றோர் இடறல், காவலனையே தவிர்த்துத் தனி எழுதுகருவியால் நேரடியாக எழுதுவது. அவ்வாறு எழுதும்போது நினைவகம் முழுவதும் முதலில் துடைக்கப்படும், காவலனும் மறைவான். நிரல் ஓடும். மறுநாள் பழைய சூழலில் பொத்தானை அழுத்தினால் மறுமொழி வாராது. பலகை கெட்டுவிட்டதென்று எறிந்தவர் உண்டு. காவலனைத் திரும்ப எழுதிவிட்டால் பலகை மீண்டும் பேசும்.

இம்மாற்றுப் பாதை வெறும் பொழுதுபோக்கன்று என்பதை 2015ஆம் ஆண்டு காட்டிற்று. அர்டுயினோ நிறுவனரிடையே பெயருரிமை பற்றிய பிணக்கு வழக்காகி, அர்டுயினோ என்ற பெயரிலேயே இரு நிறுவனங்கள் நின்றன. இரு வலைத்தளங்கள், ஒரே பெயரில் 1.6 என்றும் 1.7 என்றும் இருவேறு நிரலாக்கச் சூழல்கள். எண் பெரியதாயின் புதியது என்று நம்பிய ஆசிரியரும் மாணவரும் குழம்பினர். 2016 அக்டோபரில் இணக்கம் அறிவிக்கப்பட்டது. அவ்விடைக்காலத்தில் திறந்த கருவிகளைக் கொண்டு தாமே ஏற்றப் பழகியோர்க்கு வழக்கு எந்த இடையூறும் செய்யவில்லை. 2025 அக்டோபரில் குவால்காம் என்னும் பெருநிறுவனம் அர்டுயினோவை வாங்கவிருப்பதாக அறிவித்தபோதும், உரிமையாளர் மாறினால் பாதை மாறுமா என்ற அதே வினா எழுந்தது.

சிங்கப்பூரில் உதிரிச் சில்லுகளைத் தேடுவோர் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குச் செல்வது வழக்கம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடைதூரம். அதற்கு அருகே சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10 வரை நடந்தது. பழுதான வானொலியும் கழற்றிய பலகையும் அங்கே தரையில் விரிந்து கிடக்கும். 2009இல் புசோரா ஸ்திரீட்டில் ஆர்வலர் கூடும் பொதுப் பட்டறை ஒன்றும் தொடங்கிற்று. 2014இல் பள்ளிகளுக்கெனக் 'கோட் ஃபார் ஃபன்' திட்டம் வந்தது. 2020 முதல் தொடக்கப்பள்ளி உயர்நிலை வகுப்பு மாணவர் அனைவர்க்கும் அது உரியதாயிற்று. இடையே 2017இல் பிரிட்டனின் மைக்ரோபிட் பலகை சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு அறிமுகமாயிற்று. கணினியில் செருகினால் அப்பலகை ஒரு சேமிப்பகமாகத் தோன்றும். கோப்பை அதில் இழுத்துப் போட்டால் ஏற்றம் முடிந்தது. கட்டங்களை அடுக்கும் மேக்கோடிலிருந்து வந்ததா, மைக்ரோபைத்தானிலிருந்து வந்ததா என்று பலகை கேட்பதில்லை. அக்கோப்பைத் திறந்து பார்த்தால் முக்காற்புள்ளியோடு தொடங்கும் அதே பழைய வரிகள். காலாங் ஆலையில் பெண்கள் நுண்ணோக்கியில் குனிந்திருந்த அதே பத்தாண்டில் பிறந்த வரிகள், இன்று கேலாங் மாணவர் மேசையிலும் உயிரோடிருக்கின்றன.

இதனுள் தமிழுக்கு என்ன இடம் என்று வினவலாம். அர்டுயினோ சூழலின் முதல் தலைமுறைப் பதிப்புகளில் மொழிப் பட்டியலைத் திறந்தால் தமிழ் என்னும் பெயர் தமிழெழுத்திலேயே தோன்றியது. ஆர்வலர் உழைப்பால் வந்தது அது. கணினித் தமிழில் சிங்கப்பூருக்கு உள்ள பங்கும் சிறிதன்று. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் சிறுகதையாசிரியருமான நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். இணையம் என்ற சொல்லையே அவர்தான் தந்தார் என்பர். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் எழுத்துருக் குறியீடுகளின் ஒருமைப்பாடு வாதிடப்பட்டது. 1999இல் கோவிந்தசாமி மறைந்தார். ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியீடு கொண்டிருந்த அக்காலத்துக் குழப்பம், ஒவ்வொரு சில்லும் தனித்தனி எழுதுகருவி கேட்ட காலத்துக் குழப்பத்துக்கு ஒப்பானது.

நிரலின் ஓரத்தில் மாணவர் தமிழில் குறிப்பெழுதலாம். மொழிமாற்றி அதனை நீக்கிவிடும். சில்லுக்குள் ஒரு பைட்டும் செல்லாது. ஆனால் 'வணக்கம்' என்று பலகை சொல்ல வேண்டுமெனில் அச்சொல் உள்ளே சென்றாக வேண்டும். இலக்கணப்படி அது ஐந்தெழுத்து. யூனிகோடில் ககர மெய்க்கும் மகர மெய்க்கும் புள்ளி தனிக் குறியாக நிற்பதால் ஏழு குறிகள், யு.டி.எஃப். 8 முறையில் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டாக 21 பைட். ஆங்கிலத்தில் எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டே. மெய்யெழுத்துக்குத் தனியிடம் தந்த பழைய டிஸ்கி குறியீட்டில் இதே சொல் ஐந்து பைட்டில் முடிந்துவிடும். கணினியில் இவ்வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தார். ஊனோவின் பணிநினைவகமோ 2,048 பைட்; வழக்கமான முறையில் எழுதிய சொற்கள் அனைத்தும் அதற்குள் வந்து அமர வேண்டும். ஆகவே தமிழ்ச் சொற்களை நிலைநினைவகத்திலேயே தங்கவைக்கும் கட்டளையை மாணவர் தனியே எழுத வேண்டியுள்ளது. அதன்பின்னும், பலகையில் பொருத்தும் சிறு திரைகள் பலவற்றில் தமிழெழுத்து வடிவம் இருப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைந்து, நிரலோடு சேர்த்தே ஏற்ற வேண்டும்.